பின் சீட்டில் பெட்ரோல் வாடை, பி0442 கோட்: 2003 கொரோலாவில் ஆவி எங்கே கசிகிறது?

நெய்தல்நிலவன் (எடிசன், நியூ ஜெர்சி)

வணக்கம். என்னிடம் இருப்பது 2003 கொரோலா, 1.8 லிட்டர் எஞ்சின், 1,87,000 மைல் ஓடியிருக்கிறது. எஞ்சினிலும் கியரிலும் ஒரு குறையும் இல்லை. ஆறு வாரமாக செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரிகிறது. ஸ்கேனரில் பார்த்தால் பி0442 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வருகிறது: பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் ஆவி அமைப்பில் சிறு கசிவு.

முதலில் டேங்க் மூடியை மாற்றி, ஸ்கேனரால் அந்தக் கோட் எண்ணை அழித்தேன். ஒன்பதாம் நாள் திரும்ப வந்தது. ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வை மாற்றினேன், பதினோராம் நாள் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அவர்களும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் போய்விட்டது, மாற்ற 900 டாலர் ஆகும் என்றார்கள். இந்த வண்டியை விற்றால்கூட அதைவிடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும்.

விளக்கைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பின் சீட்டில் உட்காரும் மகள், பெட்ரோல் வாடை அடிக்கிறது, தலை வலிக்கிறது என்கிறாள். டேங்க் நிரப்பிய அன்று வாடை அதிகம். அடுத்த மாதம் மாநிலத்தின் மாசு இன்ஸ்பெக்‌ஷனும் வருகிறது. கேனிஸ்டரை மாற்றிவிடலாமா?

மழைச்சாரல்

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் கோடை அழித்துவிட்டு நேராகப் போய் நில்லுங்கள். விளக்கு எரியாது. திரும்ப வர உங்களுக்குத்தான் ஒன்பது நாள் ஆகிறதே.

ஃப்ரீமாண்ட்செல்வி (கலிஃபோர்னியா)

அது நடக்காது, சாரல். கோடை அழித்தால் கார் தன்னைத்தானே சோதித்து எழுதி வைத்திருக்கும் முடிவுகளும் சேர்ந்து அழிந்துபோகும். வினையூக்கி, ஆக்ஸிஜன் சென்சார், ஆவி அமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மானிட்டர் உண்டு. அழித்த உடனே எல்லாமே 'தயாரில்லை' என்று காட்டும். இன்ஸ்பெக்‌ஷன் கணினி முதலில் பார்ப்பதே அதைத்தான். எங்கள் ஊர் ஸ்மாக் சோதனையில், 2000 மாடலிலும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களிலும் ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் தயாராகாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள். மற்றது எது பாக்கி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிலவன், சோதனையில் தேறினாலும் மகளின் தலைவலி அப்படியேதான் இருக்கும். பெட்ரோல் ஆவியில் பென்சீன் இருக்கிறது. வாடை போகும்வரை அவளை முன்பக்கம், அல்லது வேறு காரில் அழைத்துப் போக முடியுமா பாருங்கள்.

ஸ்பேனர்மணி (மிச்சிகன்)

நிலவன் தம்பி, இரண்டு பாகம் மாற்றியாயிற்று, மூன்றாவதற்கு 900 டாலர் கேட்கிறார்கள், ஆனால் இதுவரைக்கும் ஒருவருமே கசிவைத் தேடவில்லை. 22 வருடம் ஒர்க்‌ஷாப்பில் நின்றவன் என்ற முறையில் எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கோட் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. எஞ்சின் கணினி ஒரு சோதனை செய்தது, அதில் தேறவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். பி0442 என்றால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் ஓட்டைக்குச் சமமான கசிவு, டேங்க் மூடியிலிருந்து எஞ்சின் வரைக்கும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. பி0455 பெரிய கசிவு. பி0456 அரை மில்லிமீட்டர் அளவுக்கு மிகச் சிறியது. எங்கே என்பதை மனிதன்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். நிறுத்தி வைத்த காரிலும் டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் அது நேராகக் காற்றில்தான் கலந்தது. கலிஃபோர்னியா 1970 மாடலிலிருந்தும் மற்ற மாநிலங்கள் 1971 மாடலிலிருந்தும் அதைப் பிடித்துவைக்கச் சொன்னார்கள். அதற்காக வந்ததுதான் கேனிஸ்டர். உள்ளே இருப்பது கரி, ஊக்கப்படுத்திய கரி. ஆவி டேங்கிலிருந்து குழாய் வழியாக வந்து அந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடான பிறகு முன்னால் இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும். எஞ்சின் மூச்சை இழுக்கும்போது, பின்னால் வென்ட் என்ற காற்றுத் துவாரம் வழியாகச் சுத்தமான காற்று கேனிஸ்டருக்குள் புகுந்து, கரியில் ஒட்டியதைக் கழுவி எடுத்துக்கொண்டு போகும். எஞ்சினில் எரிந்துவிடும்.

மின்சாரம் இல்லாதபோது பர்ஜ் வால்வு மூடியிருக்கும், வென்ட் வால்வு திறந்திருக்கும். இதை நினைவில் வையுங்கள், பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

சோதனை இப்படி நடக்கும். கணினி வென்ட்டை மூடி, பர்ஜைத் திறந்து, எஞ்சின் இழுவையால் டேங்கில் லேசான வெற்றிடம் உண்டாக்கும். அப்புறம் இரண்டையும் மூடிவிட்டு அழுத்த சென்சாரைக் கவனிக்கும். வெற்றிடம் சீக்கிரம் கரைந்தால் எங்கோ ஓட்டை. இந்தச் சோதனை எல்லா நேரமும் ஓடாது. இரவு முழுக்க நின்று ஆறிய எஞ்சின் வேண்டும், டேங்கில் பெட்ரோல் பொதுவாக 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வெளி வெப்பமும் ஒத்துவர வேண்டும். அதோடு இரண்டு முறை தோற்றால்தான் விளக்கு எரியும். உங்கள் கோட் திரும்ப ஒன்பது நாள், பதினோரு நாள் ஆனது இதனால்தான். நீங்கள் மாற்றிய பாகம் ஒன்பது நாள் வேலை செய்தது என்று பொருளில்லை. சோதனை அதுவரை ஓடியே இருக்காது.

இப்போது உங்கள் வாடைக்கு வருகிறேன். டேங்க் நிரம்பியிருக்கும்போது, அதுவும் பின்பக்கம் அடிக்கிறது என்றால் கசிவு டேங்கின் மேல்பக்கத்திலோ, பெட்ரோல் ஊற்றும் குழாயிலோ இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் பக்கத்துப் பர்ஜ் வால்வுக்கும் பின் சீட் வாடைக்கும் சம்பந்தம் இருப்பது அரிது. உங்கள் பக்கமும் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள். இடது பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புக்கு உள்ளேதான் ஊற்றுக்குழாய் போகிறது. உப்பும் சேறும் அந்த மறைப்புக்குப் பின்னால் போய் அடைந்துகொள்ளும். குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கு அடியில் ஈரம் காயாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

எங்கள் மிச்சிகனில் இந்த இன்ஸ்பெக்‌ஷனே கிடையாது. ஆனால் துருப்பிடித்த ஊற்றுக்குழாய்களை எண்ணி முடியாத அளவுக்கு மாற்றியிருக்கிறேன்.

கேனிஸ்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆவிக் குழாய்களுக்குள் புகையை விட்டு அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும், அதாவது புகைச் சோதனை செய்யும் ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள்.

மழைச்சாரல்

மன்னிக்கவும், மானிட்டர் விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நன்றி செல்வி அக்கா.

புகைச் சோதனைக்கு நூறு டாலருக்கு மேல் கேட்பார்களே. காலி பெயின்ட் டப்பாவில் பேபி ஆயில் ஊற்றி, டீசல் எஞ்சினின் குளோ ப்ளக்கை வைத்துச் சூடாக்கி, கம்ப்ரஸர் காற்றை விட்டு வீட்டிலேயே புகை இயந்திரம் செய்கிறார்கள். நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். எஞ்சின் வெற்றிடக் குழாய்க் கசிவுக்கு நன்றாகவே வேலை செய்தது.

ஸ்பேனர்மணி

எஞ்சின் வெற்றிடக் குழாய்க்குப் பயன்படுத்தியது வரை சரி. டேங்கோடு மட்டும் தயவுசெய்து இணைக்காதீர்கள், தம்பி. காரணம் சொல்கிறேன்.

முதலாவது அழுத்தம். ஆவி அமைப்புக்கு அரை பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் தேவையே இல்லை. வீட்டுக் கம்ப்ரஸரில் இருப்பது நூறுக்கும் மேல். கை ஒருமுறை தவறினால் அழுத்த சென்சார் போகும், குழாய் இணைப்புகள் பிய்யும், டேங்கே உப்பிவிடும். இரண்டாவது, அதைவிட மோசமானது: நீங்கள் அனுப்புவது காற்று. டேங்கில் இருப்பது பெட்ரோல் ஆவி. காற்றை நிறுத்திய நொடியில் அந்த ஆவி குழாய் வழியாகப் பின்னால் திரும்பி, சிவக்கக் காய்ந்திருக்கும் குளோ ப்ளக் இருக்கிற டப்பாவுக்குள் வரலாம். முறையான இயந்திரத்தில் அழுத்தக் கட்டுப்பாடு உண்டு, ஓட்டத்தைக் காட்டும் அளவி உண்டு. நல்ல ஒர்க்‌ஷாப்பில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனோ கரியமில வாயுவோ விடுவார்கள். 

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா, மூடி உட்காரும் விளிம்பில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பர்ஜ் வால்வில் கேனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள், இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு மூடவில்லை. பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் காரில் பெரும்பாலும் இதுதான் நோய். பெட்ரோல் போடும்போது பம்ப் டக் டக்கென்று நின்று நின்று போனால் வென்ட் பக்கம் அடைப்பு, அல்லது கேனிஸ்டர் நனைந்திருக்கிறது.

ஃப்ரீமாண்ட்செல்வி

வென்ட் அடைப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2011ல் மஸ்தா நிறுவனம் 2009, 2010 மாடல் மஸ்தா6 கார்களைத் திரும்ப அழைத்தது சிலந்திக்காக. மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று இந்த வென்ட் குழாய்க்குள் போய் வலை பின்னிவிடும். அப்புறம் டேங்குக்குள் காற்றுப் போக வழியில்லாமல் வெற்றிடம் ஏறி, டேங்கிலேயே விரிசல் விழும் அபாயம். 2014ல் மறுபடியும் ஒருமுறை அழைத்தார்கள். அடைப்பு என்றால் தூசி மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கொங்குவண்டி (கோவை)

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கும் இதே வாடைதான், ஆனால் என் காரில் விளக்கும் இல்லை, கோடும் இல்லை. 2005 வேகன்ஆர். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கிட்டப் போகும்போதே பெட்ரோல் மணக்கிறது. புகைச் சான்று போன மாதம்தான் எடுத்தேன், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. இதில் கேனிஸ்டர் என்று ஒன்று இருக்கிறதா?

ஸ்பேனர்மணி

இருக்கும், கொங்கு. உங்கள் காரின் கணினிக்கு ஆவிக் கசிவைச் சோதிக்கத் தெரியாது. அதனால் விளக்கு எரியாது. புகைச் சான்றுக்குச் சைலன்சர் வழியாக வருவதை மட்டும் அளப்பார்கள், டேங்க் பக்கம் போக மாட்டார்கள். உங்களுக்கு மூக்கு ஒன்றுதான் சென்சார். பல சிறிய கார்களில் கேனிஸ்டர் எஞ்சின் பக்கத்திலேயே கறுப்பு டப்பாவாக நிற்கும், சிலவற்றில் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பர்ஜ் வால்வுக்கு வரும் மெல்லிய குழாயைப் பிடித்துக்கொண்டே போங்கள், அது கேனிஸ்டரில் கொண்டுபோய் விடும். குழாய் வளையும் இடம், கிளிப் போட்ட இடம் இரண்டையும் விரலால் மடக்கிப் பாருங்கள். 20 வருட ரப்பர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மடக்கினால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். பெட்ரோலில் எத்தனால் கூடக் கூடப் பழைய ரப்பருக்கு ஆயுள் குறைவு.

ஒரு கேள்வி. பங்க்கில் எப்படிப் பெட்ரோல் போடுகிறீர்கள்?

கொங்குவண்டி

ஃபுல் டேங்க்தான் அண்ணா. பம்ப் நின்றதும், ரவுண்டாகப் போட்டுவிடட்டுமா என்று கேட்பார்கள். சரி என்பேன். கழுத்து வரைக்கும் நிற்கும்.

ஸ்பேனர்மணி

அதை இன்றோடு விட்டுவிடுங்கள். பம்ப் தானாக நின்ற பிறகு ஊற்றுவது டேங்கில் ஆவிக்காக விட்டிருக்கும் இடத்தை நிரப்பும். வெயிலில் பெட்ரோல் விரியும். போக இடமில்லாமல் திரவமாகவே ஆவிக் குழாயில் ஏறிக் கேனிஸ்டருக்குள் போகும். கரி ஆவியைப் பிடிக்க வந்தது, திரவத்தில் ஊறினால் பிடிப்பு போய்விடும். அப்புறம் பொடிந்து, கரித்துகள் குழாய் வழியாகப் போய்ப் பர்ஜ் வால்வில் சிக்கும், வால்வு மூடாது. பழைய பர்ஜ் வால்வைக் கழற்றித் தட்டினால் கறுப்புப் பொடி விழுந்தது என்றால் கேனிஸ்டர் உண்மையாகவே போய்விட்டது. நிலவனும் பழைய வால்வு வீட்டில் இருந்தால் தட்டிப் பாருங்கள்.

நெய்தல்நிலவன்

தட்டிப் பார்த்தேன், பொடி எதுவும் விழவில்லை.

நேற்று வேறொரு ஒர்க்‌ஷாப்பில் புகைச் சோதனை செய்தேன். 110 டாலர். எஞ்சின் பக்கத்தில் பச்சை மூடி போட்ட சிறிய வாயில் புகையை இணைத்தார். வென்ட்டை ஸ்கேனர் வழியாக மூடினார். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடம் இடது பின் சக்கரத்துக்கு மேலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக வந்தது. மறைப்பைக் கழற்றியதும் ஒரு கை நிறையச் சேறு கொட்டியது. மணி அண்ணா சொன்ன அதே இடம்: பிராக்கெட்டுக்கு அடியில் ஊற்றுக்குழாய் செதில் செதிலாக உரிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தொட்டார், ஓட்டை பெரிதாகிவிட்டது.

கேனிஸ்டரைச் சுற்றி ஒரு துளி புகை இல்லை. 900 டாலர் கொடுத்திருந்தால் வாடை அப்படியே இருந்திருக்கும்.

குழாய் 85 டாலருக்குக் கிடைத்தது. நானே மாற்ற நினைக்கிறேன். மழைச்சாரல் பக்கத்து ஊர்தான், சனிக்கிழமை உதவிக்கு வருகிறார். தற்காலிகமாக எபாக்சி போட்டு ஒட்டினால் இன்ஸ்பெக்‌ஷன் வரை நிற்குமா?

ஸ்பேனர்மணி

எபாக்சி வேண்டாம். துருவின் மேல் எதுவும் ஒட்டாது, ஒட்டினாலும் அடுத்த அங்குலத்தில் ஓட்டை விழும். உங்கள் குழாயில் ஸ்க்ரூடிரைவர் நுழைகிறது, அதன் காலம் முடிந்தது.

மாற்றும் வேலை கடினமில்லை. ஆனால் நான் பயந்து பயந்து செய்யும் வேலை இது ஒன்றுதான், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும். உங்கள் கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் சிறு சுடர் போதும். அதனால் கராஜுக்கு உள்ளே வேண்டாம், வெளியே திறந்த இடத்தில் வைத்துச் செய்யுங்கள். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். குண்டு பல்பு போட்ட வேலை விளக்கு கூடாது, விழுந்து உடைந்தால் இழையே நெருப்பு. எல்இடி டார்ச் போதும். பெட்ரோல் தீக்கு ஏற்ற அணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதல் நாளே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வராத போல்ட்டுக்குக் கிரைண்டரோ டார்ச் சூடோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். சாக்கெட்டால் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

தொடங்கும் முன் மூடியைத் திறந்து டேங்கின் அழுத்தத்தை விடுங்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். குழாயின் கீழ்முனை ஒரு குட்டையான தடித்த ரப்பரில் டேங்கோடு சேரும், பக்கத்தில் மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று வரும். இரண்டு ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். பெட்ரோலுக்கென்றே செய்த குழாயாக இருக்க வேண்டும். மெல்லியதற்கு எஸ்ஏஈ 30ஆர்7 என்று அச்சிட்டிருக்கும். ரேடியேட்டர் குழாயை வெட்டிப் போட்டுப் பெட்ரோலில் ஊறிக் கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். பழையதைக் கழற்றியதும் டேங்கின் வாயைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால் மூடிவிடுங்கள்.

புதுக் குழாயைப் பொருத்தும் முன் பிராக்கெட் உட்காரும் இடத்தில் துருத்தடுப்பு மெழுகு நன்றாகப் பூசுங்கள். மறைப்பைத் திரும்பப் போடும்போது அதன் கீழே தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் குழாய் துருப்பிடித்த கதை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

இன்னொன்று. முடித்ததும் கோடை அழித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதே ஒர்க்‌ஷாப்பில் திரும்பவும் புகை விட்டுப் பாருங்கள். பெரிய ஓட்டை இருக்கும்வரை புகை முழுக்க அதன் வழியாகவே போகும், சின்னது தெரியாது.

மழைச்சாரல்

முடிந்தது! மேல் போல்ட் ஒன்று மட்டும் நாற்பது நிமிடம் எடுத்தது. கிரைண்டர் காரில்தான் இருந்தது, அண்ணன் எழுதியதை நினைத்து வெளியே எடுக்கவே இல்லை.

நெய்தல்நிலவன்

திங்கட்கிழமை மறுபடி புகை விட்டுப் பார்த்தோம். ஊற்றுக்குழாய்ப் பக்கம் சுத்தம். ஆனால் மணி அண்ணா சொன்னபடியே இன்னொன்று வெளியே வந்தது: எஞ்சின் பக்கத்தில் பர்ஜ் வால்வுக்குப் போகும் வளைந்த ரப்பர் குழாய்த் துண்டில் மயிரிழை வெடிப்பு. நான் வால்வை மாற்றியபோது அந்தக் காய்ந்த ரப்பரை முறுக்கி இழுத்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் துண்டை அங்கேயே வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போட்டார், இதற்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் கோடை அழித்துவிட்டு, அரை டேங்கில் வைத்து, தினமும் காலையில் ஆறிய எஞ்சினோடு கிளம்பினேன். ஞாயிறன்று 287 நெடுஞ்சாலையில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு ஒரே சீரான வேகத்தில் போய்வந்தோம். இரவு ஸ்கேனரில் பார்த்தால் ஆவி மானிட்டர் 'தயார்'. கோட் எதுவும் இல்லை, இன்னும் உறுதியாகாமல் காத்திருக்கும் கோடும் இல்லை. இன்று இன்ஸ்பெக்‌ஷனில் தேறிவிட்டது.

கோயிலுக்குப் போகும்போது மகள் பின் சீட்டில் ஜன்னலைத் திறக்கவில்லை. வழக்கமாக ஏறியதும் அதைத்தான் முதலில் செய்வாள்.

ஃப்ரீமாண்ட்செல்வி

இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, நிலவன். அந்தச் சக்கர மறைப்பைக் குளிர்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிவிடுங்கள்.

கொங்குவண்டி

என் பக்கமும் முடிந்தது, மணி அண்ணா. பர்ஜ் வால்விலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டே போய்க் கேனிஸ்டரைக் கண்டுபிடித்தேன். டேங்கிலிருந்து அதற்கு வரும் குழாயில், கிளிப்புக்குப் பக்கத்தில் நீங்கள் சொன்ன மாதிரி மடக்கியதும் வெடிப்பு தெரிந்தது. மெக்கானிக் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு இழுத்து மாட்டிவிடலாம் என்றார். முழு நீளத்துக்கும் பெட்ரோல் குழாய் வாங்கிக் கொடுத்து மாற்றச் சொன்னேன். மூன்று நாளாக வெயிலில் நிறுத்திப் பார்க்கிறேன், வாடை இல்லை. பங்க்கில் பம்ப் நின்றதும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். 1,463 ரூபாய்க்கு நின்றால் 1,463தான்.